கட்டின கை

இங்கன வா தாயி, ஒட்டி உட்காரு. இன்னுங் கொஞ்சம் நகர்ந்து வா, மேல பட்டா நான் ஒண்ணும் கரைஞ்சு போயிர மாட்டேன். இந்த இடம் இப்பத்தான் காலியாச்சு, சூடு கூட ஆறியிருக்காது. நீ ஏறும்போது சன்னலுக்கு வெளியே மஞ்சச் சீலை கட்டி ஒருத்தி நின்னாள்ல, அவ உட்கார்ந்து வந்த இடம். எங்க தம்பி மக. நாகஜோதி.

மடியில என்னன்னு பார்க்கிறியா? பாம்பு இல்லை, பயப்படாதே. முளை. தட்டைப்பயறு, பாசிப்பயறு, சோளம், கேப்பை எல்லாம் கலந்து போட்டது. இருட்டுலயே வளர்ந்ததா, அதான் வெள்ளை வெளேர்னு இருக்கு. வெயில் பட்டா வாடிரும்னு ஈரத்துணியில சுத்தி வச்சிருக்கேன்.

எனக்கு ஊர் சாத்தம்பொட்டல். நரிக்குடியில இறங்கி உள்ளே போகணும். பேரு வெள்ளத்தாயி. ஆனா பேரைச் சொல்லிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. முளைப்பாரிக்காரி வீடு எதுன்னு கேட்டா நாய் கூட வழி காட்டும். எங்க ஆத்தா போட்டா, அதுக்கப்புறம் நான் போடுறேன். படிப்பு கிடையாது, ஆனா எந்தப் பானை முளைக்கும், எந்தப் பானை அழுகும்னு மண்ணை மோந்தே சொல்லிருவேன். இந்த வருசம் ஒரு பானை கூட அழுகலை. ஆத்தா புண்ணியம்.

இவ சங்கதியைச் சொல்றேன் கேளு. மானாமதுரை தாண்டியாச்சு, இனிமே பஸ்ஸு எங்கிட்டு நிக்கப் போகுது.

நாகஜோதி திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லுல வேலை பார்த்தா. நல்ல பிள்ளை. பொங்கலுக்கு வந்தா எனக்கு ஒரு சீலை, அவுக ஆத்தாளுக்கு ஒரு சீலை. மில்லுல கூட வேலை பார்த்தவ ஒருத்தி, சகாயராணின்னு பேரு, வேதக்காரப் பிள்ளை, ஏசுவைக் கும்புடுறவ. ரெண்டு பேரும் விடுதியை விட்டுட்டு ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்காக. எங்க பக்கத்து ஆளு ஒருத்தன் அங்கே லோடு ஏத்தப் போனவன் பார்த்துட்டு வந்து சொன்னான். ரெண்டும் ஒரே தட்டுல சாப்பிடுதுகன்னான். அதுக்கென்னடா, தட்டு ஒண்ணுதான் இருக்கும்னேன் நான். அப்புறம் அவன் வேறயும் சொன்னான். அதை நான் சொல்ல மாட்டேன்.

தம்பி சங்கிலி போய்க் கூட்டிட்டு வந்துட்டான். அவ ஆத்தா மாரிக்கண்ணு அழுது, மாருல அடிச்சு, கடைசியில நேராவே கேட்டா: "உனக்கு என்னதாண்டி வேணும்?" பொய் சொல்லிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும் தாயி. இவ நேராவே பதில் சொல்றா: "நான் அவ கூட இருக்கணும். மாமனைக் கட்ட மாட்டேன். எந்த மாமனையும்."

மாமன்னா மாரிக்கண்ணு கூடப் பிறந்தவன், பூமிநாதன். ஜேசிபி ஓட்டுறான். இவ பிறந்தப்பவே நாக்குல சேனைத் தண்ணி வச்சு, இவன் பொண்டாட்டின்னு சொல்லி வச்சதுதான். அவனும் அப்படியே காத்துக்கிட்டுக் கிடந்தான். பாவம்.

நாங்க எடுத்த எடுப்புலேயே எதுவும் செஞ்சிரலை. முறையாத்தான் செஞ்சோம். முதல்ல கோடாங்கிகிட்டக் கொண்டு போனோம். அவன் உடுக்கை அடிச்சுப் பார்த்துட்டு, ஆம்பளை முனி ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கு, அதான் இவளுக்குப் பொம்பளை மேல நாட்டம்னான். வேப்பங்குலையால அடிச்சு, "போறியா, போறியா"ன்னு கேட்டான். இவ, "போறேன், பஸ் ஏத்தி விடுங்க"ன்னா. கோடாங்கிக்கே சிரிப்பு வந்துருச்சு. உடுக்கையைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டான். பலி குடுத்த சேவல் போச்சு. முனி போகலை.

போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனான். "ஆம்பளை இருக்கிற உடம்புல இன்னொரு ஆம்பளை தங்க மாட்டான். நிசமான ஆம்பளை ஒருத்தனை விடுங்க. முனி தானா இறங்கி ஓடிருவான்."

சாமி சொன்ன மாதிரி இருந்துச்சு எங்களுக்கு. இத்தனைக்கும் அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணும்னு இல்லை. எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆம்பளை கை பட்டா சரியாப் போகும். மூக்கணாங்கயிறு குத்துறப்பக் கன்னுக்குட்டி கத்தத்தான் செய்யும். கத்துதேன்னு இரக்கப்பட்டா உழவு நடக்குமா?

ஏன் தாயி அங்கிட்டுத் திரும்பிக்கிட்டே? வெயில் அடிக்குதா? அந்தத் தார்ப்பாயை இறக்கி விடு. ஆங்.

கூடிப் பேசினோம். நான், மாரிக்கண்ணு, சங்கிலி, பூமிநாதன். பிள்ளை உள் அறையில படுத்திருந்தா. தூங்குறவ காதுல என்ன விழப் போகுதுன்னு நாங்க சாதாரணமாத்தான் பேசினோம்.

மாரிக்கண்ணுதான் பூமிநாதனைப் பார்த்து ஆரம்பிச்சா. "தம்பி, ஊரைக் கூட்டித் தாலி கட்டுறப்ப இவ மாட்டேன்னு எந்திரிச்சா மானம் போயிரும். அதனால நீ ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டுப் போ. அப்புறம் அவளே வந்து தாலி கட்டுன்னு கால்ல விழுவா. விழாம எங்கே போவா?"

பூமிநாதன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். வெட்கம். "நீ சொன்னாச் சரிக்கா"ன்னான். பெரியவுக பேச்சைத் தட்டாத பிள்ளை. கொஞ்ச நேரங்கழிச்சு, "அந்த ஊதாச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வையிக்கா"ன்னான்.

சங்கிலி மோட்டு வளையைப் பார்த்துக்கிட்டே, "எனக்கு அன்னைக்கு உரம் வாங்கப் போகணும்"னான். என்னைக்குன்னே இன்னும் பேசலை. போகணும்னுட்டான்.

"திருவிழாவுக்குக் காப்புக் கட்டுற அன்னைக்கு வச்சுக்குவோம். ஊரே கோயில்ல கிடக்கும்"னா மாரிக்கண்ணு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "மதினி, நீங்க வாசல்ல உட்கார்ந்து மிளகாய் இடிங்க"ன்னா.

சரின்னேன். இடிக்க வேண்டிய மிளகாய்தான், காய்ஞ்சு கிடந்துச்சு. உனக்கு இது தெரியாது தாயி, நீ படிச்ச பிள்ளை. எங்க ஊர்ல ஒரு வீட்டு வாசல்ல நட்டநடு மத்தியானம் உலக்கைச் சத்தம் விடாமக் கேட்டுச்சுன்னா, விவரம் தெரிஞ்சவுக அந்தப் பக்கம் போக மாட்டாக. தெரு மாறிப் போவாக. அது ஒரு மரியாதை. இடிக்கிற சத்தத்துல வேற சத்தம் வெளியே கேட்காது. வீட்டு விவகாரம் வீட்டுக்குள்ள இருக்கும்.

எல்லாம் சரி. ஆனா புத்தி உள்ளவுக அந்த நாளையா குறிப்பாக? காப்புக் கட்டுற நாள்னா என்ன நாள்? முளைப்பாரி போடுற நாள். நாலு பேரு உட்கார்ந்து பேசினோம், நான் முளைப்பாரிக்காரி, எனக்கே அது உறைக்கலை பாரேன்.

அன்னைக்கு விடிஞ்சதும் நான், பாரி வளர்க்கிறதுக்குன்னே ஊர்ல விட்டு வச்சிருக்கிற முளைப்பாரி வீட்டுக்குப் போயி, கரம்பை மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து பானையில நிரப்பிக்கிட்டு இருக்கேன். வாசல்ல இவ நிக்கிறா. தலைக்குக் குளிச்சிருக்கா. மஞ்சச் சீலை. கையில புதுப் பானை. மாரிக்கண்ணுவும் பின்னாடியே வந்து பூரிச்சுப் போய் நிக்கிறா.

"அத்தை, இந்த வருசம் நானும் பாரி போடுறேன். காப்புக் கட்டி விடுங்க."

"வேண்டுதலாடி?"

"ஆமா அத்தை."

"கல்யாணத்துக்கா?"

"கல்யாண விசயமாத்தான்."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. முனி இறங்கிட்டான்னே நினைச்சேன். அவ கையைப் பிடிச்சு, மஞ்சக் கிழங்கை நூல்ல முடிஞ்சு, குலவை போட்டு, நானே கட்டினேன். மாரிக்கண்ணுவும் சேர்ந்துதான் குலவை போட்டா.

முளைப்பாரிக் காப்புன்னா என்னன்னு சொல்லிருறேன். எங்க ஊர்ல அது கையில ஏறிருச்சுன்னா ஆம்பளை விரல் படக் கூடாது. புருசன்காரனா இருந்தாலும் படக் கூடாது. பாரி வளருற வீட்டுப் பக்கம் ஆம்பளை நிழலே விழக் கூடாது. பட்டா முளை கருகிரும், முளை கருகினா மழை நின்னுரும். இன்னொண்ணு, எந்தக் கை கட்டுச்சோ அந்தக் கைதான் அவிழ்க்கணும். வேற ஆளு அவிழ்த்தா அவிழ்த்த கை விளங்காது. எங்க ஆத்தா காலத்துல இருந்து இதுதான் கட்டுப்பாடு.

பூமிநாதனுக்கு யாரும் சொல்லலை. மத்தியானம் அவன் பாட்டுக்கு ஊதாச் சட்டை போட்டு, பவுடர் பூசி, வீட்டுக்குப் போயிருக்கான். வீடு காலி. வாசல்ல மிளகாய் காயுது, உலக்கை சாத்தி வச்ச மேனிக்கு நிக்குது. தேடிக்கிட்டு முளைப்பாரி வீட்டுச் சந்துக்கே வந்துட்டான்.

வந்துச்சே கோவம் எங்களுக்கு! மாரிக்கண்ணுதான் முதல்ல பாய்ஞ்சா.

"அடப்பாவி, எங்கடா வந்து நிக்கிறே? ஒரு உசுரு முளைச்சு வர்ற இடம்டா இது! மூச்சுக்காத்து பட்டாலே வாடிப் போகும்டா!"

"நீதானக்கா வரச் சொன்னே."

"வீட்டுக்குத்தானடா வரச் சொன்னேன்!"

நான் விளக்குமாத்தை எடுத்துட்டேன். இன்னொருத்தி சாணி வாளியைத் தூக்கிட்டா. எல்லாப் பொம்பளைகளும் சந்தை அடைச்சு நின்னோம். "ஒரு அடி எடுத்து வச்சே, கால் இருக்காது. அது பிஞ்சுடா, இன்னும் கண்ணே முழிக்கலை, அதைப் போயித் தீட்டாக்க வந்தியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா"ன்னு நான் கேட்டேன் பாரு ஒரு கேள்வி. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி. அவன் வந்த வழியே போயிட்டான். தாயி, நாங்க இத்தனை பேரும் எதுக்கும் அப்படி ஒத்துமையா நின்னதில்லை.

திரும்பிப் பார்க்கிறேன், நாகஜோதி நிலைப்படிக்கு உள்ளே தண்ணிச் செம்போட நிக்கிறா. எங்களையே ஒவ்வொருத்தியா பார்க்கிறா. அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாக் கேக்குறா.

"இன்னைக்கு மிளகாய் இடிக்கலையா அத்தை?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. மிளகாய் வெளியே கிடக்கேன்னுதான். மேகம் வேற கட்டியிருந்துச்சு.

மாரிக்கண்ணு சந்து முனையில அவ தம்பியைச் சமாதானம் பண்ணிக்கிட்டு இருந்தது காதுல விழுந்துச்சு. "பொறுடா. பாரியைக் கரைச்சு, காப்பை அவிழ்த்து, ஒரு நாள் விட்டு மறுநாள் விடியக்காலையில தாலி கட்டு. அது வரைக்கும் எங்கே போயிரப் போறா?" அப்படித்தான் நாள் குறிச்சாக.

திருவிழா முடியுற வரைக்கும் இவ என் கூடவே கிடந்தா. முளைப்பாரி வீடு இருட்டா இருக்கும். விளக்கு ஒண்ணுதான். தண்ணி தெளிக்கணும், கும்மி கொட்டணும், சும்மா உட்கார்ந்திருக்கணும். சும்மா உட்கார்ந்தா பேச்சு வரும்.

"உங்களுக்குச் சேக்காளி யாரும் இல்லையா அத்தை?"ன்னு ஒரு நாள் கேட்டா.

"ஏன் இல்லாம? குருவம்மான்னு ஒருத்தி. நானும் அவளும் சோடி போட்டுத்தான் பாரி எடுப்போம். எனக்குத் தண்ணிக்குடத்தை இடுப்புல வச்சா வலிக்கும். கேக்கவே மாட்டா. வந்து வெடுக்குன்னு வாங்கித் தன் இடுப்புல வச்சுக்கிட்டு நடப்பா. சிரிச்சா இடது பக்கம் ஒரு தெத்துப்பல் தெரியும். பின்னங்கழுத்துல ஒரு மச்சம் இருக்கும், சடையைத் தூக்கினாத்தான் தெரியும். அவ கட்டுற தாவணியில எந்நேரமும் ஒரு வாசம், வேப்பம்பூவைக் கசக்கின மாதிரி."

"மாமாவுக்கு மச்சம் எங்கே இருக்கு அத்தை?"

"எங்க வீட்டுக்காரருக்கா? அந்த மனுசனுக்கு எங்கே இருக்கோ, யாரு கண்டா?"

இவ சிரிச்சா. எதுக்குச் சிரிச்சான்னு இன்னும் எனக்குப் புரியலை.

அப்புறம் என் கல்யாணக் கதையைக் கேட்டா. நல்ல புத்தி வரட்டுமேன்னு சொன்னேன். எனக்கு இருபது தாண்டியும் நான் கல்யாணம் வேணாம்னு உட்கார்ந்திருந்தேன். குருவம்மாளும் அப்படித்தான். எங்கே வாக்கப்பட்டாலும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போவோம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம், கிறுக்குகளாட்டம். ஊர் சிரிச்சுச்சு. எங்க ஆத்தாளுக்குப் பொறுக்கலை. ஒரு நாள் மத்தியானம் வாசல்ல உரலைப் போட்டுக் கம்பு குத்துச்சு. உள்ளே நான். கூட எங்க வீட்டுக்காரர். அப்ப அவரு வீட்டுக்காரர் ஆகலை.

நான் உலக்கைச் சத்தத்தை எண்ணிக்கிட்டுக் கிடந்தேன். எனக்கு எண்ணத் தெரியாது தாயி. தெரிஞ்ச வரைக்கும் எண்ணி, மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சேன். கம்பு மாவாயிருச்சு, மாவு தூசியாயிருச்சு, எங்க ஆத்தா நிறுத்தலையே. வெறும் உரலைக் குத்திக்கிட்டு இருந்துச்சு. வெறும் உரல் சத்தம் வேற மாதிரி இருக்கும்.

அப்புறம் முகூர்த்தம் வச்சாக. தலையாட்டினேன். ஒரு குறையும் இல்லாம நல்லாத்தானே இருக்கேன்? கம்பங்கூழ் மட்டும் அன்னையில இருந்து எனக்கு இறங்காது. வாயு.

இதையெல்லாம் சொல்லிட்டுப் பார்க்கிறேன், இவ ஒரே பானையில தண்ணியை ஊத்திக்கிட்டே இருக்கா, பானை நிறைஞ்சு தரையெல்லாம் ஓடுது. "பார்த்து ஊத்துடி, அழுகிரும்"னு வஞ்சேன். செம்பைக் கீழே வச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. விடவே இல்லை. முளைக்குத் தண்ணி தெளிச்ச கை, சில்லுன்னு இருந்துச்சு.

"குருவம்மா இப்ப எங்கே அத்தை?"

"அவளைச் சிவகங்கைக்கு இந்தப் பக்கம் குடுத்தாக. புருசன் செத்துப் போனான்னு கேள்வி. மேலூரணி விலக்குல இறங்கினா மூணாவது வீடாம்."

"போய்ப் பார்த்தீங்களா?"

"என்னத்துக்கு?"

"வீடு வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே."

"தெரிஞ்சா போயிரணுமா? உங்க மாமா விட மாட்டாரு. ஒருக்கா கிளம்பினேன். வாசல்லேயே வச்சு அடிச்சுட்டாரு. இன்னைக்கும் கை சும்மா இருக்காது அவருக்கு. வயசாகியும் அந்த பலம் குறையலை, திடகாத்திரமான மனுசன்."

"குருவம்மா உங்களுக்கு என்ன வேணும் அத்தை?"

யோசிச்சேன். எங்க ஊர்ல ஆடு மாட்டைத் தவிர எல்லாத்துக்கும் ஒரு முறை உண்டு. மாமன், மச்சான், சித்தி, மதினி. குருவம்மாளுக்கு ஒண்ணும் தோது வரலை. "ஒண்ணும் வேணாம், போ"ன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் என் போனைக் கேட்டா. மில்லு வீட்டுல பெட்டி கிடக்காம், எடுத்து வைக்கச் சொல்லணுமாம். குடுத்தேன். முளைப்பாரி வீட்டுல செருப்பு கூடாது, கவிச்சி கூடாது, ஆம்பளை கூடாது. போன் கூடாதுன்னு ஒருத்தரும் சொன்னதில்லை. விதி போட்டவுக காலத்துல போன் இல்லை.

நேத்துப் பாரி எடுத்தோம். இந்த வருசம் கண்மாயில தண்ணி கிடக்கு. பொம்பளைக நாங்க முட்டளவு இறங்கிக் கரைச்சோம், ஆம்பளைக கரையில முதுகைக் காட்டி நின்னாக, அது வழக்கம். கரையேறினதும் ஒவ்வொருத்தி கையா நான்தான் காப்பை அவிழ்ப்பேன். எல்லாரும் நீட்டினாக. இவ நீட்டலை.

"என் வேண்டுதல் இன்னும் முடியலை அத்தை"ன்னா, கரையில இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி. "ஒரு பிடி முளை எடுத்து வச்சிருக்கேன். இந்த ஊர்ல பாரி எடுத்து, வாக்கப்பட்டுப் போயி, திரும்பி வராத ஒரு ஆளுக்கு அதைக் கையில குடுக்கிறதா சாமிகிட்டச் சொல்லியிருக்கேன். குருவம்மான்னு பேரு. காப்புக் கட்டின அத்தை கூட வரணும். குடுத்துட்டு வந்துதான் அவிழ்க்கிறது."

மாரிக்கண்ணு, "கல்யாணங்கழிச்சு வச்சுக்கயேண்டி"ன்னா. பந்தக்கால் நட்டாச்சு, வாழை மரம் கட்டியாச்சு, நாளை விடிஞ்சாத் தாலி. ஆனா சாமிக்குச் சொன்னதை எப்படித் தள்ளிப் போடுறது? பூசாரியே, "வேண்டுதல் பாக்கியோட தாலி ஏறக் கூடாது, போயிட்டு இருட்டுறதுக்குள்ள வந்துருங்க"ன்னுட்டாரு. எங்க வீட்டுக்காரர் பல்லைக் கடிச்சாரு. பூசாரி முன்னால என்ன சொல்ல முடியும்? எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. எதுக்குன்னு தெரியலை. விடியுறதுக்கு முன்னாலேயே எந்திரிச்சுத் தலைக்கு எண்ணெய் வச்சுக்கிட்டேன். இருந்ததுலேயே நல்ல சீலை இதுதான்.

காலையில பஸ் ஸ்டாப்புக்குப் பூமிநாதன் வந்துட்டான். தாலி கட்டப் போறவன், அக்கறை இருக்கத்தானே செய்யும். நாங்க ஏறினதும் அவனும் படியில ஒரு காலை வச்சான். "நானும் துணைக்கு வாரேன்."

பஸ்ஸுல நிக்க இடம் இல்லை, முளையைப் பார்த்துத்தான் எங்களுக்கு எந்திரிச்சு இடம் விட்டாக. இவ திரும்பி, கையை உசத்திக் காப்பைக் காமிச்சா. கோவமாவெல்லாம் பேசலை. பதமாத்தான் பேசினா.

"வாங்க மாமா. ஆனா மேல படாம நின்னுக்கங்க. அத்தை மடியில முளை இருக்கு. பட்டுக் கருகிப் போச்சுன்னா, ஊர்ல மழைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

அவன் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தான். உரசாம நிக்க ஒரு சாண் இடம் இல்லை. கீழே நின்ன கிழவிக, "டேய், காப்புடா, காப்புடா"ன்னு கத்துறாக. வச்ச காலை எடுத்துட்டான். ஜேசிபி ஓட்டுறவன் தாயி. ஒரு கரையையே தூக்கிப் போடுவான். ஒரு நூலுக்கு இறங்கி நின்னான். சாமி பயம் உள்ள பிள்ளைதான் எங்க ஊர்ப் பிள்ளைக.

பஸ் நகர்ந்ததும் இவ என் தோள்ல சாய்ஞ்சுக்கிட்டா. என் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டா. காலைக்காத்து, சன்னல் வேற திறந்து கிடந்துச்சு.

மானாமதுரை வந்ததும், "நான் இங்கே இறங்குறேன் அத்தை"ன்னா.

"குருவம்மா வீடு இன்னும் வரலையேடி."

"அது நீங்க போக வேண்டிய வீடு."

"அப்ப உன் காப்பு? நாளைக்குக் கல்யாணம்டி. கையைக் குடு, இங்கேயே அவிழ்த்து விடுறேன்."

"இருக்கட்டும் அத்தை. நான் வீடு எடுத்துட்டுச் சொல்லி விடுறேன். அங்கே வந்து உங்க கையால அவிழ்த்து விடுங்க. அது வரைக்கும் யாரும் தொட மாட்டாங்கள்ல?"

"எப்படித் தொடுவாக? ஊருக்கு மழை வேணாமா?"

"அது போதும்."

இறங்கிட்டா. கீழே ஒருத்தி நின்னா, சகாயராணியாத்தான் இருக்கணும். சூனியக்காரி மாதிரி இருப்பான்னு நான் மனசுல ஒரு உருவம் வச்சிருந்தேன். பார்த்தா ஒடிசலா, கண்ணாடி போட்டு, கழுத்துல குட்டியா ஒரு சிலுவை. முகமெல்லாம் வீங்கிக் கிடந்துச்சு, அழுதிருப்பா போல. ரெண்டு பேரும் கட்டிப் பிடிக்கலை, ஒண்ணும் செய்யலை. அவ வந்து இவ கையில இருந்த பையை வெடுக்குன்னு வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டா. அவ்வளவுதான்.

எனக்கு இடுப்புல என்னமோ கனம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ரொம்ப நேரம் உட்கார்ந்தா இடுப்பு மரத்துப் போகும்ல.

நாளைக்கு வந்துருவான்னுதான் நான் ஊர்ல சொல்லப் போறேன். நான் அவிழ்க்காம அவளுக்குக் கல்யாணம் கிடையாது, அவ எங்கே இருக்கான்னு எனக்குத் தெரியாது, நான் என்ன செய்யட்டும்? எங்க வீட்டுக்காரர் நான் தனியாப் போய் நின்னா கையை ஓங்கத்தான் செய்வாரு. ஓங்கட்டும். அதையும் யோசிச்சிருக்கா பாரு அந்தக் கழுதை. நீ ஏறி இந்த இடத்துல பையை வச்சியே, அப்பத்தான். கண்டக்டர் விசில் குடுத்துட்டாரு. இவ ஓடி வந்து சன்னல் கம்பிக்குள்ள கையை விட்டு, என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்து, இந்தா இருக்கு பாரு, இந்த மஞ்ச நூலைக் கட்டிட்டா. "கட்டின கை வந்து அவிழ்க்கிற வரைக்கும் எந்த ஆம்பளையும் தொடக் கூடாது. மாமாகிட்டச் சொல்லிருங்க"ன்னா. எனக்கு எதுக்குடி இந்த வயசுல காப்புன்னு கேட்டேன். பஸ் நகருது, கூடவே நடந்து வாரா, மிச்ச நூல்கண்டை என் உள்ளங்கையில வச்சு, விரலை ஒண்ணொண்ணா மடக்கி மூடினா.

"குருவம்மாளுக்கு நீங்க கட்டி விடுங்க அத்தை. அப்பத்தானே அவிழ்க்கிறதுக்கு மறுபடி போகணும்"னு சொல்லிட்டுக் கையை விட்டா.